அந்த இடம் மட்டும் சார் செய்தது

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் நடத்தத் தொடங்கிய ஆறாம் ஆண்டு. பள்ளிக் கண்காட்சியில் எங்கள் பட்டறைப் பொருட்களை வரிசையாக அடுக்கியிருந்தோம். நடுநாயகமாக ஒரு சிறிய மரப்பெட்டி. இரண்டு இழுப்பறைகள், மூலைகளில் புறாவின் வால்போல விரிந்த பற்களைக் கோத்த 'புறாவால்' இணைப்பு, கண்ணாடி போல மெருகு. பார்க்க வந்த பெரியவர் ஒருவர் குனிந்து மூலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பையனிடம் கேட்டார்: "தம்பி, இதை எப்படி இவ்வளவு இறுக்கமாகச் சேர்த்தாய்?"

பையன் என்னைப் பார்த்தான். "அந்த இடம் மட்டும் சார் செய்தது."

"சரி, இழுப்பறை இவ்வளவு லேசாக ஓடுகிறதே?"

"அதையும் சார்தான் கொஞ்சம் இழைத்துக் கொடுத்தார்."

பெரியவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அந்தப் புன்னகை எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. பையன் பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. பெட்டிக்குப் பரிசும் கிடைத்தது என்பது கூடுதல் வேதனை.

யோசித்துப் பார்த்தால், அந்த ஆண்டு மேசைமேல் இருந்த பாதிப் பொருட்களில் என் கை இருந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முப்பது பேர், ஒரு மணி இருபது நிமிட வகுப்பு, பலகையைக் கவ்விப் பிடிக்கும் வைஸ்கள் எட்டு. ஒருவன் மரமறுக்கும் வாளை வளைத்து வளைத்து அறுத்துக்கொண்டிருக்கிறான், பலகை வீணாகப் போகிறது. "கொடு, காட்டுகிறேன்" என்று வாங்குவோம். நான்கு இழுப்புதான். வேலை முடிந்துவிடும். அவனும் நன்றி சொல்வான். வகுப்பு ஓடும். அவனுக்குக் கிடைத்தது நேராக அறுக்கப்பட்ட பலகை. நேராக அறுப்பது எப்படி என்பது மறுபடியும் என் கையிலேயே தங்கிவிட்டது.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததல்ல. பள்ளிக்கூடத்தில் கைவேலையை முறையான பாடமாக்கிய முன்னோடிகள் ஸ்காண்டிநேவியாவில் இருந்தார்கள். பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் 1860களில் தொடக்கப் பள்ளிக் கல்விக்குள் அதைக் கொண்டுவந்தார். ஸ்வீடனில் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் அதற்கென ஆசிரியர் பயிற்சியே நடத்தினார். 'ஸ்லாய்ட்' என்று அந்த முறைக்குப் பெயர். பொருளைவிட அதைச் செய்கிற பிள்ளை முக்கியம் என்பது அதன் அடிப்படை. மாணவரின் வேலையில் ஆசிரியர் கைவைக்கக் கூடாது என்பதில் சாலமன் பிடிவாதமாக இருந்தார். இதை நான் பயிற்சிக் காலத்தில் படித்துத் தேர்விலும் எழுதியிருக்கிறேன். தேர்வில் எழுதியது பட்டறைக்கு வந்து சேர எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

கண்காட்சிக்குப் பிறகு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். மாணவரின் பலகையை நான் தொடுவதில்லை. காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கழிவுத்துண்டு ஒன்றை எடுத்து அதில் காட்டுவேன். காட்டி முடித்ததும் அந்தத் துண்டைத் திரும்பக் கூடைக்குள் போட்டுவிடுவேன். முதல் சில வாரங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே பட்டறையைச் சுற்றி வந்தேன். பிள்ளைகள் எனக்கு முதுகுவலி என்று நினைத்திருக்கிறார்கள்.

கையைக் கட்டிக்கொண்டபின்தான் கண் திறந்தது. அதுவரை கண்ணில் பட்டது கோணல் வெட்டு மட்டும். இப்போது அது எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தது. வாளைப் பிடித்தவனின் முழங்கை உடம்பிலிருந்து விலகி நிற்கிறது. வெட்டுக்கோட்டுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நிற்கிறான். பலகையை வைஸின் வாயிலிருந்து ஒரு சாண் வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறான், அதனால் ஒவ்வொரு இழுப்புக்கும் பலகை துடிக்கிறது. "பலகை ஏன் இப்படி ஆடுகிறது?" என்று கேட்டால் போதும். பத்தில் ஏழு பேர் தாங்களாகவே தளர்த்தி, உள்ளே தள்ளி, மறுபடி இறுக்கிக்கொள்கிறார்கள். மீதி மூன்று பேருக்குத்தான் கழிவுத்துண்டு.

இனி ஒரு பெட்டியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் இந்தப் பாடத்தைப் பற்றிக் கற்றதில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

எட்டாம் வகுப்பு. பணி எளிமையானது: தான் தினமும் பயன்படுத்தும் ஏதாவது ஒன்றை வைக்க ஒரு கொள்கலன் செய்ய வேண்டும். ஒரு மாணவி வண்ணப் பென்சில்களுக்கு மூடியுள்ள பெட்டி செய்ய முடிவெடுத்தாள். பென்சிலை அளந்தாள்: 175 மில்லிமீட்டர். கொஞ்சம் இடம் விட்டுப் பெட்டியின் நீளத்தை 180 என்று வைத்தாள். அகலம் 70, உயரம் 40. முதலில் அட்டையில் முழு அளவு மாதிரி செய்தாள். பென்சில்கள் அழகாகப் படுத்துக்கொண்டன. பிறகு 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அறுத்து, ஒட்டி, இறுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வகுப்பில் பெட்டியோடு என் முன்னால் வந்து நின்றாள். பென்சில்கள் எல்லாம் ஒரு பக்கம் முட்டிக்கொண்டு, மறுபக்கம் விளிம்புக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. மூடி மூடாது.

"அட்டையில் சரியாக இருந்ததே, சார்!"

இருந்தது. அட்டையின் தடிமன் 2 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 4 போனால் உள்ளே 176. பென்சிலுக்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம். பிளைவுட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 12 போகிறது, உள்ளே 168. மாதிரி அவளிடம் பொய் சொல்லவில்லை. அட்டையைப் பற்றிய உண்மையைச் சொன்னது, அவ்வளவுதான்.

பழைய ஆளாக இருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். "உள்ளளவு, வெளியளவு என்று அன்றைக்கே சொன்னேனே" என்று ஆரம்பித்து, புதிய பலகை கொடுத்து, 187 என்று நானே குறித்துக் கொடுத்திருப்பேன். அடுத்த வாரம் பெட்டி தயார். இம்முறை கேட்டது இவ்வளவுதான்: "எவ்வளவு குறைகிறது? அது எங்கே போயிற்று?"

முதல் கேள்விக்கு அளவுகோல் பதில் சொல்லிவிட்டது. 7 மில்லிமீட்டர் போதவில்லை. இரண்டாவதற்கு அவள் நீண்ட நேரம் பெட்டியின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலை விளிம்பின் மேல் வைத்து, "இதற்குள் போயிற்று" என்றாள். 'தடிமன்' என்ற சொல்லை நான் அந்த வகுப்பில் குறைந்தது நான்கு முறை சொல்லியிருப்பேன். அது அவளுக்குப் புரிந்தது அந்த விரல் விளிம்பில் பட்ட கணத்தில்தான்.

"சரி, இப்போது என்ன செய்யலாம்?" என்றேன். அவள் சொன்ன யோசனைகளில் ஒன்று, பென்சில்கள் அனைத்தையும் 7 மில்லிமீட்டர் சீவிவிடுவது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது மோசமான யோசனையாகத் தோன்றவில்லை. பென்சில் தேயும் பொருள்தானே! ஆனால் புதிய பென்சில் வாங்கும்போது மறுபடி இதே கதை என்று அவளே அதைத் தள்ளினாள். கடைசியில் அவள் எடுத்த முடிவு, ஒரு முனைப்பலகையைக் கழற்றிவிட்டுப் பெட்டியை நிமிர்த்தி நிறுத்துவது. மூடி இனி முன்பக்கச் சுவர். படுக்கைப் பெட்டி நின்ற நிலையில் பென்சில் கூடாகிவிட்டது.

நிறுத்தினாள். பென்சில்களைப் போட்டாள். மேசையில் யாரோ இடித்தார்கள், கூடு கவிழ்ந்தது. நிற்கும் தரை 70க்கு 40தான், உயரமோ 180. குறுகலான பக்கத்துக்குச் சாய்த்துக் கோணமானியால் அளக்கச் சொன்னேன். சுமார் 13 டிகிரியிலேயே விழுந்தது. ஏன் அந்தக் கோணம் என்று கரும்பலகையில் வரைந்தோம்: ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து விடும் தூக்குநூல் தரையின் விளிம்பைத் தாண்டினால் கதை முடிந்தது. நடுவிலிருந்து விளிம்புக்கு 20 மட்டுமே. அவள் கழிவுக்கூடையிலிருந்து ஒரு பலகையைத் தேடி எடுத்து, 90 மில்லிமீட்டர் அகலத்தில் அடியில் ஒட்டினாள். இப்போது சுமார் 26 டிகிரி வரை தாங்கியது. அறிவியல் வகுப்பில் அதே மாதம் ஈர்ப்பு மையம் நடந்துகொண்டிருந்தது என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள். இரண்டும் ஒன்று என்று அதுவரை அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தெரியாது.

அதோடு முடியவில்லை. கூட்டின் உள்ளாழம் 174, பென்சில் 175. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வெளியே தெரிந்தது. போட்டால் எடுக்க முடியாது. நகத்தால் கிள்ள வேண்டியிருந்தது. முன்சுவரைக் கழற்றி, மேல்விளிம்பில் 60 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வளைவைக் குறித்து, வளைவு வாளால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். இதற்கெல்லாம் இரண்டு வகுப்புகள் கூடுதலாக ஆயின. வண்ணம் பூச நேரமில்லை.

அந்த ஆண்டு வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் 'வேலைப்பாடு முழுமை பெறவில்லை' என்று அவளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார். விதிப்படி அவர் செய்தது சரி. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.

அட்டை மாதிரியை நான் இதற்காகக் கைவிட்டுவிடவில்லை. அதைப் போல மலிவான ஆசிரியர் வேறு இல்லை. வரைவது என்றால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பயம் உண்டு. தாளில் கோடு அசிங்கமாக வந்தால் யோசனையே அசிங்கமானது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று யோசனை வரையச் சொன்னால் ஒன்றையே வரைந்து மூன்று வண்ணம் அடித்துத் தருவார்கள். அட்டையையும் ஒட்டுநாடாவையும் கொடுத்து இருபது நிமிடம் என்று சொல்லுங்கள், அந்தப் பயம் காணாமல் போய்விடும். பெட்டிக்குப் பிறகு நான் செய்த மாற்றம் ஒன்றுதான்: அட்டை மாதிரி செய்யும்போது, உண்மையான பொருளின் தடிமனுக்குச் சமமாகும் வரை அட்டைகளை அடுக்கி ஒட்ட வேண்டும். 6 மில்லிமீட்டருக்கு மூன்று அட்டை. முதலில் முணுமுணுப்பார்கள். மூலைகளை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி அட்டையிலேயே வந்துவிடுவதால் பிறகு மிச்சமாகும் பலகை கொஞ்சமல்ல.

எங்கள் பட்டறைக்கு லேசர் வெட்டுப்பொறி வந்தபோது, இனி இந்தத் தடிமன் தொல்லை ஒழிந்தது என்று நானே நினைத்தேன். அது வேறு வேடத்தில் வந்தது. 3 மில்லிமீட்டர் என்று விற்கப்படும் பலகை உண்மையில் 2.8 ஆகவும் இருக்கும், 3.2 ஆகவும் இருக்கும். போதாததற்கு லேசர் தன் பாதையில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அகலத்தை எரித்துவிடுகிறது. கணினியில் 3.0 என்று வரைந்த பள்ளம் ஒரு பலகையில் நுழையாது, இன்னொன்றில் கழன்று விழும். ஆகவே எந்த வேலைக்கும் முன்னால் ஒரு சோதனைத் துண்டு: 2.7 முதல் 3.2 வரை வரிசையாக ஆறு பள்ளங்கள். பலகையின் ஓரத்தை ஒவ்வொன்றிலும் செருகிப் பார்த்து, எது 'இறுக்கமாக, ஆனால் சுத்தியல் இல்லாமல்' நுழைகிறதோ அதுவே அன்றைய எண். அந்த எண்ணைப் பலகையின் மேலேயே எழுதி வைக்கிறோம். மில்லிமீட்டரின் பின்னங்களையும் அளக்கும் வெர்னியர் அளவி என்று ஒரு கருவி இருப்பதன் நியாயம் பல பிள்ளைகளுக்கு அங்கேதான் விளங்குகிறது. (இந்தப் பொறி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிவிசியை அதில் வைக்கவே வைக்காதீர்கள். எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வருகிறது. நுரையீரலையும் கெடுக்கும், பொறியையும் அரிக்கும். என்ன பிளாஸ்டிக் என்று தெரியாத துண்டு எங்கள் பட்டறையில் லேசருக்குப் போகாது.)

சென்ற ஆண்டுகளின் சிறந்த பொருட்களை முதல் நாளே காட்டும் பழக்கம் எனக்கு இருந்தது. ஊக்கமாக இருக்கும் என்ற நம்பிக்கை. ஓராண்டு ஒரு மேசை விளக்கைக் காட்டினேன், வளைந்த அக்ரிலிக் கழுத்து உடையது. அந்த ஆண்டு முப்பது விளக்குகளில் இருபதுக்கு மேல் அதே கழுத்து. மாதிரியில் ஒரு குறை இருந்தது. சுவிட்ச் அடியில் இருந்ததால் விளக்கைத் தூக்கினால்தான் அணைக்க முடியும். அதையும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்! 1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. குறையுள்ள மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு வடிவமைத்தவர்கள், பார்க்காதவர்களைவிட அதிகமாக அந்தக் குறைகளைத் தங்கள் வடிவத்துக்குள் கொண்டுவந்தார்கள். பொறியியல் படித்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைச் சொல்ல என்ன இருக்கிறது? இப்போது சிறந்த பொருட்கள் என் அறைக்குள் இருக்கின்றன. பட்டறை அலமாரியில் இருப்பவை உடைந்தவை, பொருந்தாதவை, கவிழ்ந்தவை. அவற்றைப் பார்த்து யாரும் நகலெடுப்பதில்லை. ஏன் உடைந்தது என்றுதான் கேட்கிறார்கள்.

கோப்பு என்று ஒரு சங்கதி உண்டு. சிக்கலை அடையாளம் காணுதல், ஆய்வு, மூன்று யோசனைகள், தேர்வு, செய்தல், மதிப்பீடு என்று வரிசையாகப் பக்கங்கள். ஒரு முறை அருமையான கோப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'முதற்கட்ட யோசனை' என்ற பக்கத்தில் இருந்த படத்தில், அந்த மாணவன் கடைசி வாரத்தில் தவறிப்போய்ப் போட்ட கூடுதல் துளையும் இருந்தது. பொருளைச் செய்து முடித்துவிட்டு அதைப் பார்த்து வரைந்த 'முதல் யோசனை'! அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் வைத்தது நான்.

இங்கிலாந்தில் 1990இல் இந்தப் பாடம் தேசியப் பாடத்திட்டத்துக்குள் வந்தது. அதே காலகட்டத்தில் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் ரிச்சர்ட் கிம்பெல் தலைமையிலான குழு, மாணவர்கள் உண்மையில் எப்படி வடிவமைக்கிறார்கள் என்று பெரிய அளவில் ஆராய்ந்தது. படிப்படியான வரிசையை அந்தக் குழு ஏற்கவில்லை. தலைக்குள் மங்கலாக இருக்கும் யோசனை கைவழியே கோடாகவோ அட்டையாகவோ வெளியே வருகிறது. வெளியே வந்ததைப் பார்த்ததும் யோசனை மாறுகிறது. மாறியது மறுபடி கைக்கு வருகிறது. மனமும் கையும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் இந்த ஓட்டத்தையே அவர்கள் முன்வைத்தார்கள். பென்சில் கூடு செய்தவளை அருகிலிருந்து பார்த்த எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அவளுடைய மிகச் சிறந்த யோசனை, பெட்டியை ஒட்டி முடித்த பிறகு வந்தது.

ஆகவே கோப்பை விட்டுவிட்டு ஒரு சாதாரண நோட்டுக்கு மாறினோம். நல்ல பிரதி எடுக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, பசைக்கறை படிந்தால் பரவாயில்லை. வகுப்பு முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது கருவிகளை வைத்துவிட்டு எழுத வேண்டும். முதல் இரண்டு மாதம் இது படுதோல்வி. 'இன்று என்ன கற்றாய்?' என்று கேட்டேன். 'நிறையக் கற்றேன், மகிழ்ச்சியாக இருந்தது' என்று முப்பது நோட்டிலும் இருந்தது. கேள்வியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. 'இன்று எந்த அளவை மாற்றினாய், ஏன்?' என்று கேட்டேன். அன்றைக்கு ஒரு பையன் எழுதியது: 'துளை 5 என்று இருந்ததை 5.5 ஆக்கினேன். 5 மி.மீ. ஆணி 5 மி.மீ. துளையில் போகவில்லை.' இதைவிடச் சுருக்கமாக என்னால் அந்தப் பாடத்தை நடத்த முடியாது.

கணக்கும் அறிவியலும் இந்தப் பட்டறைக்குள் தேவை வரும்போதுதான் நுழைய வேண்டும் என்பது என் எண்ணம். புத்தக அடுக்கின் தட்டு நடுவில் தொய்கிறது என்று ஒருத்தி வந்தால், அதுவே நேரம். 30 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலமாகப் படுக்க வைத்து விரலால் அழுத்தச் சொல்வேன். வளையும். அதையே செங்குத்தாக நிறுத்தி அழுத்தச் சொல்வேன். அசையாது. அதே அளவுகோல், அதே பிளாஸ்டிக். விறைப்பு நூறு மடங்கு. விறைப்பு அகலத்துக்கு நேராகவும் ஆழத்தின் மும்மடிக்கு (ஆழம் × ஆழம் × ஆழம்) ஏற்பவும் கூடுகிறது என்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும். அவள் தட்டின் முன்விளிம்பில் ஒரு பட்டையைச் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு போனாள். மின்சுற்றும் அப்படித்தான். 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்இடியை நேரடியாக மாட்டி ஒன்றைக் கருக்கியவனுக்கு, 9இலிருந்து எல்இடிக்கான 2 வோல்ட்டைக் கழித்து 20 மில்லியாம்பியரால் வகுத்தால் 350 ஓம் மின்தடை வரும், கடையில் பொதுவாகக் கிடைக்கும் அடுத்த அளவு 390 என்பதெல்லாம் ஒரே நிமிடத்தில் ஏறிவிடுகிறது.

குழுவேலையில் ஒன்றைக் கவனிக்காமல் பல ஆண்டுகள் விட்டிருக்கிறேன். நான்கு பேர் குழுவில் ஒருவர் வாளைப் பிடிப்பார், ஒருவர் நோட்டை எழுதுவார், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொள்வார்கள். வாள் பெரும்பாலும் பையன்களிடம், நோட்டு பெண்பிள்ளைகளிடம். யாரும் சொல்லி நடப்பதில்லை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது போல ஓடிவிடுகிறது. ஆண்டு முடிவில் எழுதியவளுக்கு எழுதத் தெரிந்திருக்கும், அறுத்தவனுக்கு அறுக்கத் தெரிந்திருக்கும். இப்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறேன். மணி அடித்தால் கையில் இருப்பதைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்தாக வேண்டும், பாதி வெட்டில் இருந்தாலும் சரி. பாதியில் வாங்கியவர் கோடு எங்கே போகிறது என்று முந்தையவரிடம் கேட்டே தீர வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சு எனக்கு வெட்டைவிடப் பெரிது.

மதிப்பெண் விஷயத்தில் நான் இரண்டு பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். ஒன்று, குறிப்பை முதலில் கொடுப்பது, எண்ணைப் பிறகு கொடுப்பது. 1988இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணோடு சேர்த்துக் குறிப்பைப் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. என் வகுப்பில் இதைச் சோதிக்க ஆய்வு தேவைப்படவில்லை. தாளைக் கொடுத்ததும் கண் எங்கே போகிறது என்று பார்த்தாலே தெரியும். எண்ணைப் பார்த்த கண் கீழே உள்ள வரிகளுக்கு இறங்குவதே இல்லை. ஆகவே குறிப்பைப் படித்து, அதில் ஒன்றையாவது செய்து காட்டிய பிறகே எண்.

இரண்டாவது, ஒப்பிடுதல். ஒரு பொருளைத் தனியாக வைத்து இதற்கு எத்தனை என்று கேட்டால் எனக்கே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வருகிறது. இரண்டைப் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்டால் தடுமாற்றம் குறைவு. உளவியலாளர் லூயிஸ் தர்ஸ்டன் 1927லேயே இதற்கு ஒரு கோட்பாடு வகுத்தார். கிம்பெல் பின்னாளில் அதை மாணவர் வேலைகளை மதிப்பிடப் பயன்படுத்தினார். நான் அதைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். பெயரை மறைத்து இரண்டு பொருட்களை வைப்பேன். 'எது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது?' 'அழகாக இருக்கிறது' என்று ஆரம்பிப்பார்கள். "எங்கே?" என்று மட்டும் கேட்பேன். பத்து நிமிடத்தில் பேச்சு விளிம்பு, இணைப்பு, எடை, பிடி என்று இறங்கிவிடும். தன் பொருளைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்காதவர்கள்கூட அடுத்தவர் பொருளைப் பற்றிச் சரளமாகப் பேசுகிறார்கள். அந்தச் சொற்கள் பிறகு அவர்களுடைய நோட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி, கட்டிய முடி, தொங்காத துணி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். டிரில் இயந்திரத்தில் துரப்பணத்தை இறுக்கும் சாவியை அப்படியே விட்டுவிட்டுச் சுவிட்சைப் போட்டால் அது தோட்டாவாகப் பறக்கும். "சாவியை எடுத்தாயா?" என்று நான் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் பிள்ளைகள் மறந்தார்கள், நான் கேட்பேன் என்ற தைரியம். இப்போது இயந்திரத்தைத் தொடுபவர் சாவியை உயர்த்திப் பிடித்து அடுத்து நிற்பவரிடம் காட்ட வேண்டும். அவர் தலையசைத்த பிறகே சுவிட்ச்.

நேரம் போதாது என்ற குறை தீரவில்லை. கைவைக்காமல் இருந்தால் வேலை தாமதமாகும். அதை மறைப்பதில் பயனில்லை. முன்பு ஆண்டுக்கு நான்கு பொருட்கள் செய்தோம். இப்போது இரண்டு. கண்காட்சி மேசை முன்னைப் போலப் பளபளப்பதில்லை. தலைமையாசிரியர் ஒருமுறை, "என்ன சார், இந்த ஆண்டு கொஞ்சம் சுமாராக இருக்கிறதே?" என்று கேட்டார். "ஆமாம், இதெல்லாம் பிள்ளைகள் செய்தது" என்றேன். அவர் கோபப்பட்டாரா, சிரித்தாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பென்சில் கூடு இப்போது பட்டறை அலமாரியில்தான் இருக்கிறது. பள்ளியை விட்டுப் போகும்போது அவளே கொண்டுவந்து கொடுத்தாள். "வீட்டுக்குப் புதிதாக ஒன்று செய்துகொண்டேன் சார், இது இங்கேயே இருக்கட்டும்." ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் வகுப்பில் யாராவது ஒருவர் அதை எடுத்துப் பார்ப்பார்கள். வண்ணமில்லாத பலகை, பொருத்தமில்லாத அகலத்தில் ஓர் அடித்தட்டு, முன்னால் மட்டும் ஒரு வளைவு. "இந்த வளைவு அழகுக்கா, சார்?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. சீவாத புதிய பென்சில் ஒன்றை உள்ளே போட்டு, வளைவை ஓர் அட்டைத் துண்டால் மறைத்துக் கொடுத்து, "பென்சிலை எடு" என்று மட்டும் சொல்வேன்.